பன்னிரண்டரை மணித் துணி

பாலாறு இரண்டு கரையும் தொட்டு வந்து, நான் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் ஊறப்போட்டிருந்த தோல்களெல்லாம் மிதந்து ரோட்டுக்கு வந்ததே, அந்த மழைக்கு மூன்றாம் வருஷம் பங்குனி மாதம் நடந்தது இந்தப் பயணம். தேதி எனக்கு நிற்காது. அந்த மழையை வைத்துத்தான் மற்றதைக் கணக்குப் பண்ணிக்கொள்வேன். கையெழுத்துப் போடுவதற்கு மேல் படிப்பு இல்லை. நான் சொல்லச் சொல்ல வீட்டில் ஒருவர் எழுதுகிறார்.

ஆம்பூரிலிருந்து கல்கத்தாவுக்குப் போனோம். மகள் செல்வி, அவள் பிள்ளைகள் இரண்டு பேர், நான். பெரியவள் மித்ராவுக்கு ஐந்து வயது. சின்னவன் நிதினுக்கு இரண்டரை. மருமகன் சரவணன் அங்கே ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் துணைக்கு நான். அறுபத்தொன்பது வயதில் முதல் விமானம். ஒரு டிக்கெட் ஐயாயிரத்து அறுநூறு ரூபாய். இரண்டு வயது தாண்டிவிட்டால் குழந்தைக்கும் முழு டிக்கெட்டாம்.

செல்வி கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். டீக்கு ஒரு பெல், சாப்பாட்டுக்கு ஒரு பெல் என்று இருந்த பழக்கம் பிள்ளை வளர்ப்பிலும் வந்துவிட்டது. ஏழரைக்கு இட்லி, பத்துக்கு வாழைப்பழம், பன்னிரண்டுக்குத் தயிர்ச்சோறு, பன்னிரண்டரைக்குத் தூக்கம், மூன்றுக்குப் பால். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தபோதும் இதில் ஐந்து நிமிஷம் பிசகவில்லை.

"பிளேன்ல மட்டும் எப்டிம்மா நடக்கும்?" என்று கேட்டேன்.

"ஊரு மாறும், சீட்டு மாறும். வேளையும் மாறிச்சின்னா புள்ள எத்த புடிச்சிக்குவான் நைனா?" என்றாள்.

அவன் பிடித்துக்கொள்வது ஒரு துணி. செல்வியின் பழைய நைட்டியில் கிழித்த முழ நீளத் துண்டு. பிறந்த நாளிலிருந்து அவனோடு இருக்கிறது. பன்னிரண்டரை ஆனால் அதை மூக்கில் வைத்துக் கட்டை விரலைச் சப்புவான். பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவான். செல்வி அதை எப்போதாவது ஓரம் மட்டும் நனைத்துக் கசக்குவாள். ஒருமுறை இந்த ஓரம், அடுத்த முறை அந்த ஓரம். பால் வாடை, எச்சில் வாடை, வேர்வை எல்லாம் அதில் இருக்கும்.

இங்கே என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டினவன் நான். அந்த வாடை சோப்புப் போட்டால் போகாது, எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழுந்து போவார். ஒரு கண்டக்டர், "பெரியவரே, பின்னாடி ஜன்னலாண்ட போய் நில்லு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். செல்வி படித்த பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கூட்டிக்கொண்டு வருவேன்.

விமானத்தில் கதவு ஜன்னல் திறக்க முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து எனக்கு அந்தத் துணி மேலேயே கண். படித்தவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பிள்ளை அதை எடுத்தால் மூக்கைப் பிடிப்பார்களே என்று பட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் பிள்ளை தூங்கி எழுந்த பிறகு, செல்வி கடைக்குப் போன நேரம், பின்பக்கக் குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை துவைத்தேன். கடைசியில், மருமகள் துணி அலச வாங்கி வைத்திருந்த வாசனைத் தண்ணீர் ஊற்றி அலசி வெயிலில் காயப்போட்டேன். சாயங்காலம் மடித்துப் பையிலேயே வைத்துவிட்டேன்.

மித்ரா பார்த்துவிட்டாள். "தாத்தா, அம்மா திட்டும்."

"அம்மாவாண்ட சொல்லாதடா கண்ணு" என்று ஐந்து ரூபாய் சாக்லேட் ஒன்றைக் கையில் திணித்தேன். அன்று ராத்திரி பிள்ளை வழக்கம்போல் அம்மா மடியில் தூங்கிவிட்டான். துணி பையை விட்டு வெளியே வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். விமான நிலையம் வரைக்கும் நூற்றெண்பது கிலோமீட்டர். கார் வாடகை டோலோடு நாலாயிரத்து எண்ணூறு. ரோட்டோரம் ஷூ கம்பெனி வேன்களுக்காகப் பெண்பிள்ளைகள் டிபன் பையோடு நின்றிருந்தார்கள். கிளம்பும்போது வீட்டு வாசலில் மருமகள் லதா, என் மகனுடைய சம்சாரம், என் மாத்திரை டப்பாவைச் சட்டைப் பையில் வைத்து, "நாலு மணிக்கு சுகர் மாத்திர, மறக்காதீங்க மாமா" என்றாள்.

டிரைவர் இர்ஃபான் எங்கள் தெருப் பையன்தான். பள்ளிகொண்டா டோல் தாண்டினதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "இன்னா பெரியவரே, மூஞ்சி பேஜாரா கீது? பிளேன்னா பயமா?"

"பயம்லாம் இல்லப்பா."

"பயம் இல்லாதவரு ஏன் இப்பவே பெல்ட்ட இவ்ளோ இறுக்கமா புடிச்சினு கீறாரு?"

செல்வி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழரைக்கு வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். ஓட்டலுக்குப் போகவில்லை. வீட்டில் சாப்பிடுகிற அதே தட்டு, அதே கரண்டி, லதா கட்டிக்கொடுத்த இட்லி. பத்து மணிக்கு விமான நிலைய வாசலில் வாழைப்பழம். பரிசோதனை வரிசையில் பெல்ட், செருப்பு எல்லாம் எடுத்துத் தட்டில் வைக்கும்போதும் மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு, விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்த கையோடு, தயிர்ச்சோறு. பெரிய வண்டி ஓட்டுகிறவரைப்போல அவள் அந்த நாளை ஓட்டிக்கொண்டு போனாள். பிள்ளையும் ஒரு சிணுங்கல் இல்லாமல் வந்தான். நான் மட்டும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு வரிசையில் மூன்று சீட்டு அவர்களுக்கு. நடைவழிக்கு இந்தப் பக்கம் எனக்கு. பன்னிரண்டு நாற்பதுக்கு விமானம் தரையை விட்டது. செல்வி பையிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தாள்.

நிதின் மூக்கில் வைத்தான். எடுத்துப் பார்த்தான். திரும்பவும் வைத்தான். பிறகு தூக்கி எறிந்துவிட்டு, "இது இல்ல! இது இல்ல!" என்று அலறினான்.

செல்வி துணியை எடுத்து மோந்தாள். முகம் மாறிவிட்டது. "யாரு தொவச்சது இத?"

நான் முன்சீட்டுப் பையிலிருந்த அட்டையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். எழுத்துத் தெரியாத நான், படிப்பதுபோல.

இரண்டரை மணி நேரம். தூக்கினாள், ஆட்டினாள், பால் கொடுத்தாள், நடைவழியில் நடந்தாள். விமானப் பெண் ஒருத்தி வந்து, "காது அடைக்குதா பாருங்கம்மா, ஏதாவது முழுங்கக் கொடுங்க" என்று அன்பாகத்தான் சொன்னாள். முன்னால் இருந்த ஒருவர் திரும்பி, "குழந்தைய வெளிய கொண்டு வரதுக்கு முன்னாடி பழக்கிட்டு வரணும்மா" என்றார். நாள் பூராவும் மணி பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கு அந்தப் பேச்சு. கண் கலங்க என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணிதான் நைனா. எல்லாத்தையும் தொவச்சித் தரேன்னு சொல்லினே இருந்தாங்க. இதத் தொடாதீங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. முன்சீட்டுக்காரர் இன்னும் திரும்பியபடி இருந்தார். விழுங்கிவிட்டேன். அட்டைக்கு மேலாகப் பார்த்தேன். மித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பத்துக்குச் சக்கரம் தரையில் இடித்தது. அந்த நேரத்தில்தான் பிள்ளை அழுது ஓய்ந்து கண்ணை மூடினான். ஐந்து நிமிஷத்தில் எழுப்பி இறக்க வேண்டியதாகிவிட்டது.

வாசலில் சரவணன் நின்றிருந்தார். குடியிருப்புக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், டாக்ஸி அறுநூறு. முன்னால் அவர், பின்னால் நாங்கள். வண்டி நகர்ந்ததும் செல்வி லதாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் பேசியதால் எல்லாம் கேட்டது.

"நான் அந்தத் துணியத் தொடவே இல்ல செல்வி."

"அப்ப துணி தானா எழுந்து போய் குளிச்சிட்டு வந்திச்சா அண்ணி?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"செஞ்சத ஒத்துக்கினா இன்னா கொறைஞ்சிடும்? வாசனத் தண்ணி ஊத்துறது நம்ம வூட்ல வேற யாரு?"

லதா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. செல்வி போனை வைத்துவிட்டாள்.

மித்ரா தன் கவுன் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நேற்றைய சாக்லேட். பிரிக்கவேயில்லை. உருகி நசுங்கிக் கிடந்தது.

"இத நீயே வச்சிக்கோ தாத்தா. நான் சாப்புடல."

"இன்னாது அது?" என்றாள் செல்வி.

சொன்னேன். குழாயடி, சோப்பு, வாசனைத் தண்ணீர், சாக்லேட், எல்லாம். சரவணன் திரும்பிப் பார்க்கவில்லை, அந்த மட்டும் அவருக்குப் புண்ணியம். செல்வி என் கையிலிருந்த சாக்லேட்டைப் பார்த்தாள். பிறகு, "எதுக்கு நைனா?" என்று மட்டும் கேட்டாள்.

"நாறும்னு நெனச்சேன்மா. நாலு பேரு முன்னாடி."

"எம்புள்ள நாறுறான்னு எவன் சொன்னான் உங்கிட்ட?"

அவள் போனை என்னிடம் நீட்டினாள். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. அண்ணிகிட்ட சொல்லு. அப்புறம் நான் பேசறேன்."

லதா எடுத்தாள். நான்தான் துவைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மணி நாலாவுது மாமா. சுகர் மாத்திர போட்டீங்களா?"

சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன்.

குடியிருப்பை நெருங்கும்போது ஜன்னல் வழியாக வாடை வந்தது. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அதே வாடை. கண்ணை மூடினால் ஆம்பூர்தான். டாக்ஸிக்காரர் மூக்கைப் பிடிக்கவில்லை. சரவணன் சட்டையிலும் அது இருந்தது. பிள்ளை அப்பா தோளுக்குத் தாவி, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அங்கே பதினோரு நாள் இருந்தேன். செல்வி அந்தத் துணியைத் தன் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தாள். எட்டு நாள் பிள்ளை மத்தியானம் தூங்கவில்லை. அழுதுகொண்டே வீட்டைச் சுற்றுவான், அவள் பின்னாலேயே நடப்பாள். ஒன்பதாம் நாள் பன்னிரண்டரைக்குத் துணியை வாங்கி மோந்தான், விரலை வாயில் வைத்தான். நான் வேறு அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பும்போது ரயில். காட்பாடி வரைக்கும் படுக்கை டிக்கெட் எழுநூற்றுச் சொச்சம். வழி நெடுகக் குழந்தைகள் ஏறி இறங்கினார்கள். ஆளுக்கொரு பொம்மை, துணி, கிழிந்த துண்டு. அழுக்கில்லாதது ஒன்றுகூட இல்லை. ஒருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை. மூக்கைப் பிடித்தவர்களை நான்தான் ஆம்பூரிலிருந்து மனசில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

இதை எழுதுவது லதாதான். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "எம்பேரு எதுக்கு மாமா, எடுத்துடலாம்" என்கிறாள். எழுதும்மா என்றேன். செல்வி அன்று ராத்திரியே அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். ஆனால் விமானத்தை விட்டு இறங்கிப் பெட்டிக்குக் காத்திருந்தபோதே கோபத்தில் சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேருக்குப் போனில் சொல்லியிருந்தாள். போன பேச்சு எங்கெங்கே நிற்கிறதோ தெரியவில்லை. படிக்கிறவர்கள் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது கைக்குழந்தையோடு விமானம் ஏறப் போனால், அது பிடித்துத் தூங்கும் துணியைத் துவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லும்போது, ஆம்பூரில் அப்படித் துவைத்தது மருமகள் இல்லை, மாமனார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.