ஒரே அறையில் ஒரு வீடியோ கால்

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஐந்து பேர் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஒருவருக்கொருவர் வீடியோ காலில் பேசினோம். பைத்தியமா என்கிறீர்களா? பொறுங்கள், சொல்கிறேன்.

காரைக்குடியில் சோலார் பேனல் பொருத்தும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஒரு கல்லூரி ஹாஸ்டலுக்குப் புரபோசல் கேட்டிருந்தார்கள். கிடைத்தால் யாரையும் வேலையைவிட்டு அனுப்ப வேண்டியிருக்காது. கிடைக்காவிட்டால்... அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆளுக்கொரு ஊரில் இருந்து வீடியோ காலில் பேசி, எழுதி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். "இது வீட்ல இருந்து பாக்குற வேலையில்லக்கா. எல்லாரையும் நேர்ல வரச் சொல்லுங்க" என்றார் சந்திரன். எங்கள் இன்ஜினியர். அவர் குரல் பக்கத்து ஊர் கோட்டையூர்வரை கேட்கும்!

வரச் சொன்னேன். இளையான்குடியில் இருந்து நஸ்ரின் பஸ் பிடித்து வந்தாள். எங்கள் புரபோசல்களை எழுதுகிறவள். நேரில் பார்ப்பது அன்றுதான் முதல்முறை. போன் செய்தால் எடுக்க மாட்டாள், மெசேஜில்தான் பதில் — சந்திரனுக்கு அதில் ஏக வருத்தம்.

பேச்சு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அறை சந்தைக்கடை ஆனது. ஒருவர் பேச, மூவர் குறுக்கே. நஸ்ரின் மட்டும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, நீயும் ஏதாச்சும் சொல்லலாம்ல?" என்றார் சந்திரன், சலிப்போடு.

அவள் எழுந்து நின்றாள்.

"அண்ணே, எனக்கு ரெண்டு காதும் கேக்காது. பள்ளிக்கூடத்துல படிக்கையில ஒரு காய்ச்சல்ல போச்சு. வீடியோ கால்னா பேசுறது கீழ எழுத்தா ஓடும், வாசிச்சுக்கிருவேன். இங்குட்டு எல்லாரும் ஒண்ணாப் பேசுறீக... நான் யாரு வாயைப் பாக்குறது?"



"முன்னாடியே சொல்லியிருக்கலாமே நஸ்ரின்?" என்றேன். என் உதடுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வேலைதான் நடந்துச்சேக்கா!"

சந்திரன் லேப்டாப்பைத் திறந்து எல்லோருக்கும் வீடியோ கால் போட்டார். சுவரில் இருந்த டிவியில் அதை இணைத்தார். நாங்கள் பேசப் பேச, டிவியில் எழுத்து ஓடியது. 'இன்வெர்ட்டர்' என்றால் 'இன்னும் வெட்டு' என்று விழுந்தது. முதலில் சிரித்தவள் நஸ்ரின்தான்.

ஆனால் இருவர் சேர்ந்து பேசினால் எழுத்து குழம்பிவிடும். ஆகவே ஒருவர் முடிக்க, மற்றவர் காத்திருக்க வேண்டும். நம்புவீர்களா? சந்திரன் காத்திருந்தார்!

"மெஸ் கூரை முழுக்க பேனல்" — இது சந்திரன் சொன்னது. "வெந்நீர் டேங்க் எல்லாம் மெஸ் கூரையில" — இது சைட்டை அளந்துவந்த முருகேசன் சொன்னது. இரண்டு வரியும் டிவியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பேனலுக்கும் டேங்குக்கும் ஒரே கூரை! காலையிலும் இருவரும் இதைத்தான் கத்தினார்கள். யார் காதிலும் விழவில்லை. நல்ல காது உள்ள நான்கு பேர்... நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

திட்டத்தில் டேங்குகளை ஹாஸ்டல் மாடிக்கு மாற்றி, நஸ்ரின் எழுதி முடித்தாள். அனுப்பும் முன் சந்திரன் அவள் எதிரே போய் நின்று, "சரியா இருக்காம்மா?" என்றார். அவரிடம் அவ்வளவு மெல்லிய குரல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

"சரியா இருக்குண்ணே" என்றாள்.

நேற்று ஆர்டர் வந்துவிட்டது.

வேலைக்கு நல்லது ஆபீஸா, வீடா என்று கேட்டு இன்னமும் இந்தப் பத்திக்கு எழுதுகிறீர்கள். எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் — ஒவ்வொருத்தராகப் பேசுங்கப்பா!