மச்சான் பிடித்த கயிறு

ஜனவரி 12, 1997, ஞாயிறு. காலை மணி 5.50. நல்ல பனி. ஆர்.எஸ்.புரத்தில் வேனில் ஏறியதும் வழக்கம்போல் தலைகளை எண்ணினேன். பதின்மூன்று. பதின்மூன்றாவது தலை, என் மச்சான்!

ஆனைகட்டிப் பக்கத்துக் காட்டையும் ஒரு பழைய பாறை ஓவியத்தையும் இருளர்களே சுற்றிக்காட்டும் டூர். எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் வாங்கியிருந்தேன். கடைசி நேரத்தில் "முழங்கால் வலிக்குதுங்க" என்று நின்றுகொண்டாள். அவள் டிக்கெட்டில் சிங்காநல்லூரிலிருந்து அவள் அண்ணன். சதி என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்... எனக்கு வேன் கிளம்பிய பிறகுதான் புரிந்தது.

நாங்கள் பேசி ஆறு வருஷம். மகள் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி இலை எண்ணியவன் நான். பெண்ணைப் பெற்றவன் செய்கிற வேலையா அது? "உங்க ஆளுக நாப்பத்தாறு எலை அதிகமுங்க" என்று மச்சானிடமே சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

காட்டில் கைடு ரங்கன், யானை உடம்பை உரசிய மரத்தைக் காட்டினார். எந்தப் பட்டை எந்த வலிக்கு என்று சொன்னார். நான் நோட்டில் மரங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டே போனேன்.

ஓவியம், சரிவுப் பாறைக்குப் பத்தடி கீழே. வயதானவர்களுக்கு மட்டும் இடுப்பில் கயிறு.

"ஐயாவோட மச்சினர் யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றார் ரங்கன்.

"எதுக்குங்க?"

"நாங்க தேனெடுக்க எறங்கறப்ப, பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தானுங்க கயித்தைப் புடிப்பான். பொறந்தவ தாலிக்கு அவன் கெடுதல் பண்ண மாட்டானுங்களே."

மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"எத்தனை கிலோ இருக்கறீங்க மாப்ளே?"

ஆறு வருஷத்தில் முதல் பேச்சு!

"எழுவத்தி ரெண்டுங்க."

"சரியாச் சொல்லுங்க. எலைக் கணக்கு மாதிரி இருக்கப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இறங்கினேன். பாறையில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த ஒரு யானை. பக்கத்தில் கைகோத்து ஆடும் மனிதர்கள். ஏறும்போது பாதி வழியில் கால் வழுக்கியது. தொங்கினேன். மேலே மச்சானின் சிவந்த முகம் மட்டும். அவர் கையை விட்டால்...?

"மச்சான், அந்த நாப்பத்தாறு... ஒரு பந்தியை ரெண்டு தடவை எண்ணிப்போட்டனுங்க. அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுபோச்சு."

"எனக்கும் தெரியுமுங்க. பேசாம ஏறுங்க, கை எரியுது!"

மேலே வந்து சேர்ந்தேன். அவருடைய உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. ஊதிக்கொண்டே கேட்டார்: "படத்துல எத்தனை பேரு ஆடறாங்க?"

"எண்ணலைங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே மாப்ளே?"

டூர் தலைக்கு நூற்றைம்பது. மச்சான் கைக்கு மருந்தும் பஞ்சும் பதினொன்றரை. ஆறு வருஷம் வாயில் அடைத்துக்கொண்டிருந்த ஒரு வாக்கியத்தை வெளியே எடுக்க ஆன மொத்தச் செலவு (இம்முறை சரிபார்த்துவிட்டேன்): ரூ. 311.50.