செக்கிங் ஜெர்மனிக்குப் போக வேண்டுமா?

ஜோகுபாளையத்தில் சரளாவின் வீட்டுப் பூனைக்குச் செக்கிங் என்று பெயர். பி.எம்.டி.சி. என்னும் பெங்களூரு மாநகரப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் சரளா. ஓடும் பஸ்ஸைச் சொல்லாமல் கொள்ளாமல் வழியில் நிறுத்தி ஏறி, பையைக் குடைந்து பார்க்கும் அதிகாரிகளைத்தான் டிப்போவில் செக்கிங் என்பார்கள். பூனையும் அப்படித்தான் வந்தது. ஒரு மழை நாளில் ஜன்னல் வழியாகக் குதித்து, அவருடைய டூட்டிப் பையை முகர்ந்து, அடுப்படியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மீன் குழம்புச் சட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டது. “செக்கிங் வந்துட்டாரு” என்றார் சரளா. பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று தட்டில் ஒரு துண்டு மீனை வைத்தவர், வாய்ப் பழக்கத்தில் “ரைட் ரைட்” என்று சொல்லிவிட்டார். பஸ்ஸை எடுக்கச் சொல்லி நாள் முழுவதும் டிரைவருக்குக் கொடுக்கும் குரல். பூனை அதைச் சாப்பாட்டு மணியாக எடுத்துக்கொண்டது. அதன் பிறகு எந்த வீட்டு மாடியில் இருந்தாலும், எந்தக் காரின் அடியில் படுத்திருந்தாலும், சரளா வாசலில் நின்று “ரைட் ரைட்” என்றால் வால் நிமிர ஓடிவரும். தெருக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். என் குரலுக்கு மட்டும்தான் வருவான் என்று சரளா பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு இதைத் தவிரப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு மகளும் உண்டு. மகா ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கணவர் இறந்த பிறகு கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்து, காலை ஷிப்டும் இரவு ஷிப்டுமாக மாறிமாறிப் பார்த்து, சரளா ஒற்றை ஆளாக வளர்த்த பெண். அம்மா ரிட்டயர் ஆனதும் மூன்று மாதம் வந்து தன்னோடு தங்க வேண்டும் என்பது மகா ரொம்ப நாளாகச் சொல்லிவரும் ஒன்று. விசாவும் கிடைத்துவிட்டது. சிக்கல் பூனைதான்.

பூனையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று முதலில் சொன்னது மகாதான். செல்லம் கொஞ்சுவதற்காக அல்ல. அம்மாவை அவளுக்குத் தெரியும். டிப்போவில் எல்லோருமாக ஏலகிரிக்கு மூன்று நாள் போனபோது, சரளா மறுநாளே பஸ் பிடித்துத் திரும்பியவர். வெள்ளிக்கிழமை காவேரித் தண்ணீர் வரும், பிடித்து வைக்க ஆளில்லை என்பது அப்போது சொன்ன காரணம். “முன்னாடி டூட்டின்ன, அப்புறம் தண்ணின்ன, இப்ப பூனை. அவனை விட்டுட்டு வந்தா ரெண்டாவது வாரமே கிளம்பிடுவ. எனக்கு உன்னைத் தெரியாதாம்மா?” என்றாள் போனில்.

எனவே செக்கிங்குக்கு வேலைகள் தொடங்கின. தோலுக்கடியில் சிப் வைத்தார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார்கள். ரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு நல்லபடியாக வந்தும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அதுவும் கழிந்தது. விமானத்தில் சீட்டுக்கு அடியில் வைக்கும்படி வலை போட்ட பை ஒன்றை மகா வாங்கி அனுப்பினாள். பூனைக்கும் சேர்த்து டிக்கெட் போடலாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

பிரேசர் டவுனில் இருக்கும் கால்நடை மருத்துவர் தடை ஒன்றும் சொல்லவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, தாங்கும் என்றார். கடைசியாக ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னார்: “உங்களுக்கு இது லீவு. லீவுன்னு அதுக்குத் தெரியாதும்மா.”

அந்த வார்த்தை சரளாவைப் படுத்தியது. பையில் எத்தனை நேரம் இருக்கும், கத்துமா, பயப்படுமா என்று யாரிடம் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒன்று சொன்னார்கள். தானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். அவருக்குத் தெரிந்த நீண்ட பயணம் பஸ் பயணம். அல்சூரில் ஏறினால் பழைய மெட்ராஸ் ரோடு வழியாகக் காடுகோடி வரைக்கும் போகலாம்; டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் மாட்டினால் இன்னும் நல்லது. அந்த ரூட்டில் கண்டக்டர் மமதா. வேலைக்குச் சேர்ந்தபோது சரளாவிடம் தொழில் பழகியவள்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் பையோடு ஏறினார். பூனைக்கும் டிக்கெட் கொடு என்றார். மிஷினில் பூனைக்குப் பட்டன் இல்லை, லக்கேஜ் என்று போட்டால் அவன் கோபித்துக்கொள்வான் என்றாள் மமதா. செக்கிங் பைக்குள் சுருண்டு படுத்திருந்தது. சரளாவுக்கு நம்பிக்கை வந்தது.

மமதா பின்படிக்கட்டைப் பார்த்துவிட்டு “ரைட் ரைட்” என்றாள்.

பைக்குள்ளிருந்து ஒரு கத்தல். பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. அடுத்த நிறுத்தம், அடுத்த “ரைட் ரைட்”, அடுத்த கத்தல். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டுக் கதவைத் திறக்காமல் வைத்திருக்கிறார்களே என்று வலையைப் பிறாண்டியது. முன் சீட்டில் இருந்த பெரியவர், குழந்தை இப்படி அழுகிறதே, பால் கொடுக்கக் கூடாதா என்று கன்னடத்தில் அதட்டினார். கல்லூரிப் பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன் பூனையைச் சோதிக்க, உலகத்திலேயே அதற்குப் பொருந்தாத வண்டியில் ஏறியிருக்கிறோம் என்பது சரளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மமதா குரலை விட்டுவிட்டு விசிலுக்கு மாறினாள். பூனை அடங்கியது. டின் ஃபேக்டரியில் பஸ் நகராமல் நின்றபோது தூங்கக்கூடச் செய்தது.

அந்த வகையில் சோதனையில் தேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். விமானத்தில் யாரும் ரைட் ரைட் என்று கத்தப்போவதில்லை.

காடுகோடியில் பஸ் காலியானது. டிரைவர் டீ குடிக்கப் போனார். மமதா தன் டப்பாவைத் திறந்து, முட்டையைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்தாள். பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, ரகசியம் பேசுவதுபோல் “ரைட் ரைட்” என்றாள். செக்கிங் தலையை நீட்டியது. அவள் கையில் இருந்ததைத் தின்றது, விரலை நக்கியது, இன்னும் உண்டா என்று அவள் முகத்தைப் பார்த்தது. பக்கத்திலேயே இருந்த சரளாவின் பக்கம் திரும்பவில்லை.

“என்னக்கா, உங்க குரலுக்குத்தான் வருவான்னீங்க?” என்றாள் மமதா விளையாட்டாக.

 சரளாவுக்கு மூக்கின் நுனி சிவந்துவிட்டது. இத்தனை வருடமாகத் தன்னைத் தேடித்தான் ஓடிவருகிறது என்று நினைத்திருந்தார். அது ஓடிவந்தது ஒரு சொல்லுக்கு. யார் சொன்னாலும் சரி. மமதாவுக்குச் சங்கடமாகிவிட்டது. பசி நேரம், அதனால்தான் என்று ஏதோ சொல்லிப் பார்த்தாள்.

“இல்ல மமதா. நல்லாத்தான் இருக்கான். நான்தான் அவன் இல்லாம இருக்க மாட்டேன் போல” என்றார் சரளா.

திரும்பும் வழியெல்லாம் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு வந்தார். அல்சூரில் இறங்கும் முன்பு மமதாவிடம் ஒன்று கேட்டார். ஒக்கலிபுரத்தில் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறாயே, மூன்று மாதம் ஜோகுபாளையம் வீட்டில் வந்து இருக்கிறாயா? பூனை இருக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் பிடிக்க வேண்டும், வேறு தொந்தரவு இல்லை. மமதா யோசிக்கவே இல்லை. ஒரு ரூமில் தனியாக, காலை நீட்டிப் படுத்து எத்தனை வருடம் ஆயிற்று என்றாள்.

அன்று மாலை மகாவுக்குப் போன் போனது. எனக்கு மட்டும் டிக்கெட் போடு என்றார் சரளா.  அப்படியென்றால் ரெண்டாவது வாரம் கிளம்பிவிடுவாய், அதைத்தானே சொல்கிறாய் என்றாள் மகா. குரலில் கோபத்தைவிட அலுப்பு அதிகமாக இருந்தது.

“பூனைக்காகத் திரும்பி வர்றேன்னு இனி என்னால சொல்ல முடியாதுடி. அது பொய்யின்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“நிஜமாவா சொல்ற?”

“தெரியலையே. வந்து பாத்தாத்தான் தெரியும்.”

கிளம்பும் நாளன்று மமதா துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். மீன் எந்தக் கடையில் வாங்குவது, எந்தக் கிண்ணம், ஜன்னலை எவ்வளவு திறந்து வைப்பது என்று எல்லாவற்றையும் சரளா சொல்லி முடித்தார். தினமும் செக்கிங்கை வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்று மமதா ஆசையாகச் சொன்னாள்.

“வேணாம்” என்றார் சரளா. “நான் போன் பண்ணி, சாப்பிட்டானா, எனக்காக ஏங்குறானான்னு கேப்பேன். நிச்சயம் கேப்பேன். சும்மாவாச்சும் ஆமாக்கான்னு சொல்லிடாத. நல்லாருக்கான், உங்க நினைப்பே இல்லன்னு சொல்லு. நான் அழுதாலும் அப்படியே சொல்லு.”

மமதா தலையாட்டினாள். வாசலில் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். சரளா பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.