கல்லடியில் நிற்காத பஸ்

காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கிறேன். இது பரீட்சார்த்தமாக ஓடும் பற்றரி மின்சார பஸ். டீசல் பஸ்களுக்குப் பதிலாக இதை விடலாமா என்று கண்டக்டர் எல்லாரிடமும் கேட்கிறார். "சத்தமே இல்லை, இதுதான் நல்லது" என்கிறேன்.

கல்லடியில் ஒரு பெண் சாப்பாட்டுக் கூடையுடன் வீடுகளுக்கு இடையேயான ஒழுங்கையால் ஓடி வருகிறாள். என்னைப் பார்த்துக் கை காட்டுகிறாள். டிரைவர் அவளைக் காணவில்லை. டீசல் பஸ்ஸின் இரைச்சலில் என்றால் நானும் கத்தியிருப்பேன். இந்த அமைதியில் கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பேசாமல் இருந்துவிடுகிறேன்.

பாலத்தடியில் பஸ் நிற்க, அவள் ஓட்டோவில் துரத்தி வந்து ஏறுகிறாள். கூடையிலிருந்து தேங்காய்ப்பால் சொதி வடிகிறது.

"டீசல் பஸ் வாற சத்தம் குசினிக்குள்ள சமைக்கக்குள்ளயே கேக்கும், அதுக்குப் பிறகுதான் கதவைப் பூட்டுவன். இது வந்ததே தெரியல்ல. ஆஸ்பத்திரியில அவருக்குச் சாப்பாடு குடுக்க விடுற நேரமும் முடியப் போகுது" என்கிறாள் கண்டக்டரிடம்.

"அப்ப பழைய பஸ்தான் நல்லமா, அக்கா?"

"பஸ்ஸைக் குறை சொல்லல்ல, தம்பி. அது சத்தம் போடாட்டி உள்ள இருக்கிற ஆக்களாவது போடணுமே. இந்த அண்ணன் என்னைக் கண்டவர்."

பஸ் ஓசையின்றிப் பாலத்தில் ஏறுகிறது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள்.