மந்தைக்குள் முதல் குதிரை

மாட்டுப் பண்ணைகளே நிறைந்த எங்கள் மணற்குன்றுப் பக்கத்தில் எவ்வளவு பெரிய ஆளானாலும் அடுத்தவர் மந்தைக்குள் தானாகக் குதிரையை விடமாட்டார். மாட்டுக்குச் சொந்தக்காரர் முதலில் உள்ளே போக வேண்டும். பிறகு அவர்தான் யார் எங்கே நிற்பது என்று சொல்வார். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் ஆர்டிஸுக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் டவுனில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகள். லைலைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்துப் பண்ணைக்கு வந்தவள். குதிரையும் மாடும் லைலின் பாடு. பள்ளிப் பேருந்து ஓட்டுவதும், வேலைக்கு வருகிற கூட்டத்துக்குச் சமைத்துப் போடுவதும் அவள் பாடு. கல்யாணமான புதிதில் ஒரு குதிரை அவளைக் கீழே தள்ளித் தோளை உடைத்துவிட்டது. அதற்கப்புறம் குதிரை கட்டியிருக்கும் பக்கமே அவள் போவதில்லை. லைலும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு வசந்தத்தில், பசுக்கள் கன்று போட்டுக்கொண்டிருந்தபோதே, மாரடைப்பில் அவன் போய்விட்டான். பிள்ளைகள் கிடையாது. நிலமும் மாடுகளும் அவளுக்கு வந்தன.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில், கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிப்பதற்கு அக்கம்பக்கத்தார் எல்லோரும் குதிரைகளோடு போனோம். மாடுகளைப் பட்டியில் அடைத்தாயிற்று. நாங்கள் வேலிக்கு வெளியே குதிரைமேல் உட்கார்ந்திருந்தோம். யாரும் அசையவில்லை. காற்று காதை அறுத்தது. கடைசியில் லைலின் தம்பி டுவெயின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே போனான், கையைக் காட்டி எங்களை ஆங்காங்கே நிறுத்தினான். வேலை ஒழுங்காகத்தான் நடந்தது.

ஆனால் அன்றோடு ஊர்க்கண்ணில் அவை டுவெயினின் மாடுகள் ஆகிவிட்டன. கன்று வாங்குகிறவர் அவனிடம் பேசினார். மாட்டு வைத்தியர் அவனுக்குப் போன் போட்டார். டுவெயின் கெட்டவன் இல்லை. உதவி செய்வதாகத்தான் மனசார நினைத்தான். எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கிறிஸ்துமஸ் விருந்தில் அவன் பேச்சை எடுத்தான்: மாடுகளைத் தன் மந்தையோடு சேர்த்துக்கொள்கிறானாம், அவள் டவுனில் ஒரு சின்ன வீடாகப் பார்த்துக்கொள்ளலாமாம். அடுத்த வருஷம் கன்று பிரிக்கிறவரை பொறு, பிறகு பதில் சொல்கிறேன் என்றாள் ஆர்டிஸ்.

மறுநாளே என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். போன தடவை ஏன் எல்லோரும் வெளியே சும்மா நின்றீர்கள் என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்காகவா காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"பின்ன வேற யாருக்காக?"

"நான் உள்ள உருளைக்கிழங்கு உரிச்சிக்கிட்டு இருந்தேன், நோரின்" என்றவள் அழ ஆரம்பித்தாள். லைலின் அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

குளிர்காலத்தில் ஞாயிறு மதியங்களில் கண்காட்சித் திடலின் கூரைக்கொட்டகையில் மாடு பிரிக்கும் போட்டி நடக்கும். இரண்டு பட்டிகள், நடுவில் ஒரு திறப்பு. மாடுகளின் முதுகில் எண் ஒட்டியிருக்கும். இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் திறப்பைக் காக்க, மற்றவர் வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பிரித்து அடுத்த பட்டிக்கு ஓட்ட வேண்டும். தப்பான மாடு ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தாலும் நடுவர் கொடியை இறக்கிவிடுவார். அவ்வளவுதான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். கயிறு வீச வேண்டாம், பாய்ந்து ஓடவும் வேண்டாம். பயந்தவள் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. லைலின் கிழட்டுக் குதிரை டீக்கனை அவளுக்குச் சேணம் கட்டிக்கொடுத்து, அவளுக்கு ஜோடியாக நான் இறங்கினேன்.

முதல் ஞாயிறு கடிவாள வாரை இரண்டு கைகளாலும் அகலமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலிமேல் உட்கார்ந்திருந்த ஒருவர் விடவில்லை.

"ஆர்டிஸ், அது பஸ் இல்லம்மா. ஸ்டியரிங் கிடையாது."

"பஸ்ஸா இருந்தா உன்னை என்னைக்கோ இறக்கிவிட்டிருப்பேன்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் விழுந்தாள். எழுந்தாள். வாந்தி எடுத்துவிட்டுத் திரும்ப ஏறினாள். மாட்டின் கண்ணைப் பார்த்தால் அது மிரளும், தோளுக்கு நேராகக் குதிரையைக் கொண்டுபோனால் நிற்கும், இடுப்புப் பக்கம் போனால் நடக்கும் என்பதெல்லாம் மெல்ல மெல்ல அவள் உடம்புக்குள் இறங்கியது. எத்தனையோ தடவை கொடி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். ஒரு பரிசுகூட நாங்கள் வாங்கவில்லை. ஆனால் கோடை வருவதற்குள் அவள் திறப்பில் நின்றால் மாடு யோசித்துத்தான் வரும்.

கன்று பிரிக்கும் நாள் வந்தது. ஆர்டிஸ் டீக்கன்மேல் ஏறி முதல் ஆளாகப் பட்டிக்குள் போனாள். எங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து இடம் காட்டினாள். மாடு பிரித்து அனுப்ப என்னைச் சொன்னாள். பசுக்களை அடுத்த பட்டிக்கு விட்டுக் கன்றுகளைத் தடுக்கிற திறப்புவேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். டுவெயின் மட்டும் வெளியே குதிரைமேல் இருந்தான். சும்மா இருக்கிறேன், தேவைப்பட்டால் பார்ப்போம் என்று முன்பே சொல்லியிருந்தான். அவளால் முடியாமல் போகும் என்று நினைத்துத்தான் வந்திருந்தான்.

கொஞ்சநேரம் நன்றாகப் போயிற்று. அப்புறம் ஒரு கன்று தாயை ஒட்டிக்கொண்டு டீக்கனின் கழுத்துக்கு அடியில் நழுவி அந்தப் பக்கம் போய்விட்டது. உடனே ஆர்டிஸ் வாரை இழுத்துக் குதிரையை நிறுத்தினாள். தலையைக் குனிந்துகொண்டாள். கொட்டகையில் பழகிய பழக்கம். தப்பு நடந்தால் ஆட்டம் முடிந்தது. இங்கே இல்லாத ஒரு கொடி இறங்குவதற்காக அவள் காத்திருந்தாள். அவள் நின்ற அந்த நேரத்தில் இன்னும் இரண்டு கன்றுகள் பாய்ந்தன. நான் குதிரையை ஓட்டிவந்து திறப்பை அடைத்தேன்.

டுவெயின் வேலிக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

"பரவால்ல ஆர்டிஸ். நீ போய் உக்காரு. இனிமே நான் பாத்துக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னான். என் வாயில் வந்ததை நான் பல்லைக் கடித்து விழுங்கினேன். நான் பேசினால் அது என் மந்தையாகிவிடும்.

ஆர்டிஸ் நிமிர்ந்தாள்.

"டுவெயின், நான் உன்னை உள்ள கூப்பிடலையே."

சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு ஆணைப் பார்த்து இதைவிடக் கடுமையாக யாரும் எதையும் சொல்ல முடியாது. அவன் காது சிவந்துபோயிற்று. அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை. டீக்கனைத் திருப்பி அந்தப் பக்கப் பசுக்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு போனாள். முதல் கன்றைத் தாயிடமிருந்து ஒதுக்கினாள். அது திரும்ப ஓடியது. மறுபடி ஒதுக்கினாள். தாய் கதறியது. வெகுநேரம் ஆயிற்று. யாரையும் அவள் கூப்பிடவில்லை, யாரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஒவ்வொன்றாக மூன்றையும் கொண்டுவந்து சேர்த்தாள். பிறகு திறப்புக்குத் திரும்பினாள்.

டுவெயின் அதற்குள் வெளியே போய்க் கதவைச் சாத்தியிருந்தான். வீட்டுக்குப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் போகவில்லை. வேலி ஓரமாக வந்து தொப்பியைக் கழற்றினான்.

"ஆர்டிஸ், நான் எங்க நிக்கட்டும்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"மேக்கால வேலி ஓரமா நில்லு. மெதுவா வா, மாடு மிரளும்."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, அவள் சொன்ன இடத்தில் போய் நின்றான்.