மூன்று மைக்குகளும் ஒரு வெற்றுத் தட்டும்

எந்தப் பொருளை வாங்குவதானாலும் மூன்று இடங்களில் விலைப்புள்ளி கேட்க வேண்டும். மூன்றில் குறைந்ததை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். ஆவடி ராணுவக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இந்த விதி தூக்கத்திலும் வரும். ஒரு நாகஸ்வரக் கச்சேரியை இசைத்தட்டில் பதிவுசெய்ய மைக் வாங்கக் கிளம்பியபோதும் அதையே கடைப்பிடித்தேன். பாதிவரை கடைப்பிடித்தேன் என்று எழுதுவதுதான் நேர்மை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பூந்தமல்லியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சங்கீத சபை வைத்திருந்தோம். நான் காரியதரிசி; மற்ற நால்வரும் தலைவர், உபதலைவர்கள். ஆகவே வேலையெல்லாம் யார் தலையில் விழுந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த தெருவில் ஒரு நாகஸ்வரக்காரர் இருந்தார். முப்பது வயது இருக்கும். அரிசிக்குக் கட்டுப்பாடு வந்து கல்யாணங்கள் ஒரு வேளைக்குச் சுருங்கியதில் அவருடைய பிழைப்பும் சுருங்கிவிட்டது. எங்கள் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்கு எழுதிப்போட்டார். வேலை கிடைத்தது. அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

அதே வாரம் ஓர் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு கார்டு வந்தது. கச்சேரியில் வாசிக்கும்போதே பதிவுசெய்த மாதிரித் தட்டு ஒன்றை அனுப்பினால் கவனிப்போம் என்று இரண்டே வரி. இரும்புப் பட்டை அடித்த பெட்டிகளை ஆறு மாதம் தூக்கியவர்களின் விரல்களை நான் தினமும் சம்பளப் பட்டியலில் ரேகை வாங்கும்போது பார்ப்பவன். அந்த விரல்களுக்குக் கமகம் வராது. வேலையில் சேரும் தேதியைக் குடும்பக் காரணம் காட்டி ஒரே ஒரு முறை ஒரு மாதம் தள்ளிப்போட விதியில் இடமுண்டு. தள்ளிப்போட்டேன்.

மவுண்ட் ரோட்டில் ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவரிடம் தட்டு வெட்டும் யந்திரம் ஒன்று இருந்தது. ஆனால் அவரிடம் வெற்றுத் தட்டு ஒன்றுதான் மிச்சம். யுத்தத்தில் புதிதாக வருவதில்லை. பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம், இரண்டு பக்கம். அவர் மேஜைமேல் மூன்று மைக்குகளை வைத்தார். முதலாவது ரிப்பன் மைக். ஒரு கைப்பெட்டி அளவு இருந்தது. விலையைக் கேட்டு மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டேன். இரண்டாவது கரித்தூள் மைக். டெலிபோனில் இருப்பதன் அண்ணன். எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் எண்ணெயில் அப்பளம் பொரிப்பதுபோல் ஓயாமல் இரையும். மூன்றாவது பளிங்கு மைக். உள்ளே உப்பைப் போன்ற ஒரு துண்டுப் பளிங்கு, இரைச்சலே இல்லை, விலை நடுத்தரம்.

"சார், பேச்சுக்குக் கரி போதும். நாயனத்துக்குப் போனீங்கன்னா கரி அடைச்சிக்கும். பளிங்கு எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

குறைந்த விலையை ஏற்காததற்குக் காரணம்: இரைச்சல். எழுதிவைத்தேன். பளிங்கை வாங்கினேன். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று கரி மைக்கைத் திங்கட்கிழமை வரை இரவல் கொடுத்தார். பளிங்கோடு வந்த துண்டுச் சீட்டில் சூடு, ஈரம் ஆகாது என்று அச்சிட்டிருந்தது. படித்தேன், துளையிட்டுக் கோப்பில் சேர்த்தேன். கோப்பில் சேர்ந்த விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாக நினைப்பது எங்கள் தொழிலின் வியாதி.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னீர்குப்பத்து அம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் யந்திரமும் பாட்டரியும் கடைக்காரரும் வந்து சேர்ந்தார்கள். கூட்டம் எங்களைச் சூழ்ந்துகொண்டது.

"இன்னாடா இது, அம்மனுக்கு டெலிபோனா?"

"இல்ல மாமே, ஊதறத இதுல புடிச்சி வெள்ளக்காரனுக்கு அனுப்பறாங்களாம்."

மைக்குக்கும் நாகஸ்வரத்துக்கும் இடையே எத்தனை அடி என்று நான் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். எழுந்து பார்க்கிறேன், மைக்குக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், கழுத்தில் ஒரு முழம் கதம்பம். தவுல்காரர் (நாகஸ்வரக்காரரின் மைத்துனர்) தட்டில் கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தி, மைக்கின் முகத்துக்குக் கீழே சாவகாசமாக மூன்றாவது சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, என்னய்யா பண்றீர்?"

"புது சாமான் சார். கற்பூரம் காட்டாம எப்பிடி? நேத்து பஸ்ஸுக்கே காட்டினாங்கோ."

கடைக்காரர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு மைக்கைத் தட்டினார். மறுபடி தட்டினார். குழாயைக் கழற்றினார். "போச்சு" என்றார். பளிங்கு சூட்டில் செத்துவிட்டது.

தவுல்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. நாகஸ்வரக்காரர் அவரைப் பார்க்கவேயில்லை. "சார், இன்னொண்ணு கீதே, அத்த வைங்க" என்றார். "இன்னிக்கி உட்டா எனக்கு வேற நாள் ஏது?"

கரியை வைத்தோம். கல்யாணி ராகம். முதல் பக்கம் வெட்ட ஆரம்பித்ததும் ஊசியின் பின்னால் கறுப்பு நூல் சுருள் சுருளாகக் கிளம்பியது. கடைக்காரர் அதைத் தூரிகையால் ஒதுக்கிக்கொண்டே காதைத் தீட்டிக் கேட்டார். ஒரு நிமிஷம் அருமை. மேல் ஷட்ஜத்தில் நாகஸ்வரம் நிமிர்ந்த இடத்தில் கரித்தூள் இறுகிச் சத்தம் அறுந்தது. நாகஸ்வரக்காரருக்கு அது தெரியாது. கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். முதல் பக்கம் பாழ்.

"தூள் இறுகினா மைக்கைச் சுண்டிவிடணும் சார். ஆனா சுண்டுற சத்தமும் தட்டுல விழுமே" என்றார் கடைக்காரர்.

தவுல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விழட்டுமே! தாளத்துல விழுந்தா தாளம்னுதானே நெனப்பான்? சார், நீங்க சுண்டுங்க. நான் தலையாட்டறப்போ மட்டும். முந்தாதீங்க, பிந்தாதீங்க."

"எனக்குத் தாளம் புத்தகத்தில்தான் தெரியும்."

"என் தலைய பாருங்க சார், பொஸ்தகத்த வுடுங்க."

இரண்டாவது பக்கம். மைக்கைக் கூடுதலாகப் பத்தடி தள்ளி ஒரு தூணின் ஓரத்தில் வைத்தோம். சுருதிக்காக ஒத்து ஊதுகிறவரை அதற்கு நெருக்கமாக உட்கார வைத்தோம். அப்பளம் பொரிகிற இரைச்சல் அந்த ஒரே சுருதிக்குள் கரைந்துபோயிற்று. நான் மைக்கின் பக்கம் மண்டியிட்டு ஆள்காட்டி விரலை மடக்கி வைத்துக்கொண்டேன். தவுல்காரரின் தலை அசைந்தது, சுண்டினேன். அசைந்தது, சுண்டினேன். மேல் ஷட்ஜம் வந்தது. அவர் தலையை ஓங்கி ஆட்டினார், ஓங்கிச் சுண்டினேன். கடைக்காரர் காதுக்குழாயோடு எழுந்து நின்று கையை மேலே மேலே என்று காட்டினார். சத்தம் அறுபடவில்லை! நாகஸ்வரம் அங்கேயே நின்று, சுழன்று, இறங்கி வந்தது. ஊசி உள்வட்டத்தை எட்ட விரல் அகலம் இருக்கும்போது முத்தாய்ப்பு.

உடனே போட்டுக் கேட்டோம். யந்திரத்தின் ஒலிப்பெட்டியிலிருந்து கல்யாணி வந்தது. என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என் முதுகில் தட்டியது அன்று மட்டும்தான். நாகஸ்வரக்காரர் தன் வாசிப்பை வெளியிலிருந்து கேட்பது அதுவே முதல் தடவை. "நானா மச்சான் இது?" என்று தவுல்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீதான், நீதான். கற்பூரம் காட்னதாலதான் இவ்ளோ நல்லா வந்துகீது" என்றார் அவர். மறுக்க என்னிடம் ஆவணம் இல்லை.

தட்டை வைக்கோலில் பொதிந்து பதிவுத் தபாலில் அனுப்பினோம். தபால் சேர்ந்ததற்கான கையெழுத்துச் சீட்டு வந்தது, வேறெதுவும் வரவில்லை. மாதம் முடிந்தது. இன்னொரு முறை தள்ளிப்போட விதியில்லை. நான் தேடாத இடமில்லை. அவர் வேலையில் சேர்ந்தார். பெட்டி தூக்கும் வரிசையிலிருந்து பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வரிசைக்கு அவர் பெயரை மாற்ற என்னால் முடிந்தது. பெட்டி தூக்க ஆள் குறைந்தால் அதுவும் நிலைக்காது.

ஆறாவது நாள் மத்தியானம் தவுல்காரர் பூந்தமல்லியிலிருந்து வாடகைச் சைக்கிளில் கிடங்கு வாசலுக்கு வந்து, காவலாளியோடு சண்டை போட்டு, என்னைக் கூப்பிடச் சொன்னார். கையில் உறை. நாகஸ்வரக்காரர் பசை ஒட்டிய விரல்களோடு ஓடிவந்தார். பிரித்து வாசித்தவன் நான். ஆறு பக்கங்கள் பதிவுசெய்ய ஒப்பந்தம். அடுத்த வாரமே குழுவோடு வரவேண்டும்.

தற்காலிகத் தொழிலாளி ஒரு நாள் முன்னறிவிப்புடன் விலகலாம். அந்த விண்ணப்பத்தை அங்கேயே, சுவரில் காகிதத்தை வைத்து எழுதினேன். அவர் பசை விரலாலேயே கையெழுத்திட்டார். கம்பெனியின் பதில் வந்த தேதி, கோப்புக்காக: ஆவணி மாதம் ஒன்பது.