ஆளில்லாத கடற்கரை

வருகிற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகலாம் என்று என் கணவர் சொல்லி இரண்டு வாரமாகிறது. எந்தக் கடற்கரை என்பதை என்னிடமே விட்டுவிட்டார். அது எனக்குக் கொடுத்த மரியாதை என்று தெரிகிறது. ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும், மறுநாள் அதை மாற்றுவதும், அதற்கு மறுநாள் பழையதே பரவாயில்லை என்று திரும்புவதுமாக இருக்கிறேன். ஓரிடத்தில் ஆழம் அதிகம். ஓரிடத்தில் சொறிமீன் ஒதுங்குகிறதாம். இன்னோரிடத்தில் மணலுக்குள் கண்ணாடித் துண்டு கிடக்கும் என்று யாரோ சொன்னார்கள்; யார் என்று நினைவில்லை, ஆனால் கண்ணாடித் துண்டு மட்டும் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது.

“உங்க அப்பா மாதிரி கோடு போட்டு எழுதிப் பாரேன்” என்று கணவர் கிண்டல் செய்தார்.

அப்பா உண்மையிலேயே கோடு போட்டுத்தான் எழுதினார். எனக்கு அப்போது எட்டு வயது. மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்து முதல் ஆண்டு நிறையப்போகிற சமயம். நாங்கள் காஜா பெராங் என்ற பகுதியில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. விடுமுறை எடுத்துக் கடற்கரையில் போய்த் தங்குவது என்பது அதுவரை துரைமார்கள் செய்கிற காரியம். அவர்களுடைய விடுமுறைக் கடிதங்களையெல்லாம் வருடக்கணக்காகத் தட்டச்சு செய்தவர் அப்பா. துரை கப்பலேறிப் போன பிறகு, அதே இயந்திரத்தில் அதே வாசகத்தைத் தனக்காக ஒருமுறை தட்டினார். மூன்று நாள் விடுப்பு கிடைத்தது.

“துரைமாருக்கு மட்டுந்தான் கடல் காத்து ஒத்துக்குமா? நாடு நம்பளோடதுன்னா கடலும் நம்பளோடதுதான்” என்று வீட்டில் அறிவித்தார்.

அறிவித்த கையோடு ஒரு முழு நீளத் தாளை எடுத்து வைத்து அளவுகோலால் கோடு போட்டார். மேலே குறுக்காக மூன்று பெயர்கள்: கிளேபாங், தஞ்சோங் கிளிங், தஞ்சோங் பிடாரா. கீழே வரிசையாகத் தூரம், பஸ், நிழல், கிணற்றுத் தண்ணீர், கடை, மணலின் தரம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று அவரே நேரில் போய்ப் பார்த்து மதிப்பெண் போடுவார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மூன்று கடற்கரைகள். பென்சிலும் தாளும் பிடித்துக்கொள்ள நான் கூடப் போவதென்று முடிவாயிற்று. தம்பிக்கு மூன்று வயது. அவனும் அம்மாவும் வீட்டில்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். அப்பாவின் தாளில் இல்லாத ஒன்றை நான் பார்த்து வர வேண்டுமாம்.

“அங்க ஆளுங்க வராங்களான்னு பாரு. ஒரு பொம்பள தண்ணியில எறங்குனா நின்னு பாக்க யாராச்சும் இருப்பாங்களான்னு பாரு. அப்பாகிட்ட சொல்லாத.”

“யாரும்மா எறங்கப் போறா?”

அம்மா வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். “கல்யாணமாகி நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல்ல வந்தேன். அத்தன நாளும் சுத்திக் கடலு. ஒரு சொட்டு கையில பட்டதில்ல. இங்க வந்து பத்து வருஷமாச்சு, ரெண்டு மைல்ல இருக்கு கடலு. ஒரே ஒரு தடவ கழுத்து வரைக்கும் எறங்கி நிக்கணும்.”

அம்மா எதையாவது தனக்கென்று கேட்டு நான் கண்டது அது ஒன்றுதான். எட்டு வயதில் அது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. இதில் இரகசியத்துக்கு என்ன இருக்கிறது, இறங்கினால் போயிற்று என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டுச் சிட்டி அத்தைக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தது. சிட்டிகள் பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்; பிள்ளையார் கும்பிடுவார்கள், பொங்கல் வைப்பார்கள், பேசுவது மட்டும் மலாய். அம்மாவுக்கு மலாய் பாதிதான் வரும்; மீதியைக் கைகள் பேசும். அந்த அத்தை கறுப்பில் பூப்போட்ட, கைலி போன்ற ஒரு கெட்டிச் சாரோங்கைக் கொண்டுவந்து அம்மாவின் மார்புக்கு மேல் வைத்து அளவு பார்த்து, “மண்டி லாவுட், பாக்காய் இனி” என்றாள். கடலில் குளிக்க இதைக் கட்டிக்கொள் என்று அர்த்தம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது.

கிளேபாங்குக்கு அப்பாவின் சைக்கிளில் போனோம். சேறு. அப்பா மணலின் தரத்துக்கு இரண்டு போட்டுவிட்டு, பூட்ஸைக் கழுவிக்கொண்டு திரும்பினார்.

அடுத்த ஞாயிறு பிடாராவுக்குப் பஸ் பிடித்தோம். போய்ச் சேரவே மதியமாகிவிட்டது. எனக்கு வழியில் இரண்டு முறை வாந்தி. அங்கே நீளமான மணல், சுத்தமான கிணறு, காவல்காரர் பார்த்துக்கொள்ளும் ஒரு காலி வீடு. கரையின் ஒரு கோடியில் ஆள் உயரப் பாறைகள் தண்ணீருக்குள் இறங்கி நின்று ஒரு சிறு மறைப்பை உண்டாக்கியிருந்தன. நாங்கள் இருந்த மூன்று மணி நேரத்தில் கண்ணில் பட்டது ஓர் ஆடும் வலை காயப்போட்ட ஒரு கிழவரும்தான். அவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கேட்டது இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், சாப்பிட ஒன்றுமில்லாத, விளையாட ஒருவருமில்லாத அந்த இடத்தின்மேல் எனக்கு வெறுப்பாக வந்தது.

மூன்றாம் ஞாயிறு தஞ்சோங் கிளிங். மரத்தடியெங்கும் பாய் விரித்த குடும்பங்கள். கிட்டார் வாசிக்கிற வாலிபர்கள். பந்து விளையாடுகிற பிள்ளைகள். அப்பா எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். சீவிய ஐஸ் மலையின்மேல் சிவப்புப் பாகு இறங்கி வருவதைப் பார்த்தபோதே நான் என் கடற்கரையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

அன்று மாலை அப்பா கூட்டிப் பார்த்தார். பிடாராவும் கிளிங்கும் ஒரே மதிப்பெண். அவர் மறுபடியும் கூட்டினார், கீழிருந்து மேலாகக் கூட்டினார், அதே எண் வந்தது.

“சரி, நீயே சொல்லு. உனக்கு எது வேணும்?” என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா தண்ணீர் எடுத்து வரும் சாக்கில் என்னை உள்ளே கூட்டிப் போனாள். “எங்க ஆளுங்க இல்ல?”

“கிளிங்லதாம்மா. ஒருத்தருமே வர்றதில்ல.”

“ஞாயித்துக்கெழமகூடவா?”

“நானும் அப்பாவும் மட்டுந்தாம்மா இருந்தோம்.”

“பிடாராவுல?”

“அங்க வல காயப்போடுறவங்க இருக்காங்க. பாத்துக்கிட்டே இருக்காங்க.”

இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. அம்மா என் தலையை ஒருமுறை தடவிவிட்டு வெளியே போய், “கிளிங்குக்கே போவோங்க” என்றாள். அப்பா அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார்.

நாங்கள் போனது மெர்டேக்கா ஆண்டு நிறைவு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையில் இருந்ததைப்போல மூன்று மடங்கு கூட்டம். மரத்துக்கு மரம் கொடி கட்டியிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து மூட்டையோடு இறங்கிய அம்மா அப்படியே நின்று கரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் அப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். “நல்லா நெழலா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாளும் அம்மா பாயில் உட்கார்ந்து எங்கள் செருப்புகளைக் காவல் காத்தாள். போதாக்குறைக்கு அப்பாவின் அலுவலகத் தலைமைக் கிராணி குடும்பத்தோடு வந்து இறங்கினார். அவருக்குத் தேநீர் கொடுப்பதும், அவர் மனைவியின் முழங்கால் வலியைக் கேட்பதுமாக அம்மாவுக்குப் பொழுது போயிற்று. அப்பா கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று, “நீயும் வந்து கால நனையேன்” என்று கூப்பிட்டார்.

“சாமான யாரு பாத்துக்குறது?” என்றாள் அம்மா.

நான் ஒரு நாளைக்கு ஒன்று வீதம் இரண்டு ஐஸ் கச்சாங் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் அம்மா என்னை எழுப்பினாள். அத்தை கொடுத்த சாரோங்கை மார்புவரை ஏற்றிக் கட்டி, தோளில் துண்டைப் போர்த்தியிருந்தாள். அவள் தோள் எலும்பை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். “தொணைக்கு வா” என்றாள். வாடகைக்கு எடுத்திருந்த கரையோர வீட்டில் அப்பாவும் தம்பியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கரையில் ஒருவர்கூட இல்லை. ஆனால் கடலும் இல்லை. நேற்று அலையடித்த இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பழுப்புச் சேறும், அதில் அங்கங்கே தேங்கிய குட்டைகளும். வெகு தொலைவில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. தண்ணீர் எந்நேரம் ஏறும், எந்நேரம் வற்றும் என்பதற்கு அப்பாவின் தாளில் கட்டம் போடப்பட்டிருக்கவில்லை.

அம்மா சாரோங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இங்கேயே நில்லு, அசையாத” என்று சொல்லி நடக்க ஆரம்பித்தாள். முதலில் பாதம் புதைந்தது, பிறகு கணுக்கால், பிறகு கெண்டைக்கால். ஒவ்வோர் அடியையும் பிடுங்கி எடுத்து வைத்து, நிற்காமல் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டை நோக்கிப் போகப் போக அம்மா என் தம்பியளவு ஆனாள். அதைவிடவும் சிறியவளானாள்.

போன கடல் ஒரே பாய்ச்சலில் திரும்பி வரும் என்று எனக்குத் தோன்றியது. பொய் சொன்ன பிள்ளைகளின் அம்மாவைச் சாமி எடுத்துக்கொள்ளும் என்றும் தோன்றியது.

“அம்மா” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்புறம் தொண்டை கிழிய அழ ஆரம்பித்தேன்.

அம்மா நின்றாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றாள். அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சாலைவரை உள்ள தூரம்தான் இருந்திருக்கும். அப்படி அவள் எத்தனை நேரம் நின்றாள் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு திரும்பி, வந்த வழியே வந்தாள்.

கரைக்கு வந்ததும் ஒரு குட்டையில் கையைக் கழுவிவிட்டு என் முகத்தைத் துடைத்தாள். “வந்துட்டேன்ல. அழாத.” முழங்கால்வரை சேறாக நின்றுகொண்டு, கோபமே இல்லாத குரலில், “ஐஸ் கச்சாங் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“ரொம்ப நல்லா இருந்துச்சும்மா” என்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். இந்த நேரத்தில் இதை எதற்குக் கேட்கிறாள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

என் அழுகைச் சத்தத்தில் அதற்குள் அப்பா ஓடிவந்துவிட்டார். அம்மாவின் கோலத்தையும் சேற்றையும் பார்த்து அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன். “அம்மா கடலுக்குள்ள போயிட்டாங்கப்பா. நான்தான் கூப்ட்டுக் காப்பாத்துனேன்.”

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தங்கியிருந்த வீடுவரை இறக்கிவிடாமல் நடந்தார். அதன் பிறகு நாங்கள் விடுமுறைக்கு எங்கே போனாலும் மலைப்பக்கமாகவே போனோம்.

ஊர் திரும்பியதும் அப்பா இதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். எட்டு வயதுப் பெண் தாயைக் காப்பாற்றிய கதை. நான் கூச்சத்தோடும் பெருமையோடும் பக்கத்தில் நிற்பேன். வருடத்துக்கு வருடம் அவர் சொல்லச் சொல்லத் தண்ணீர் ஏறியது. முதலில் முழங்கால், அடுத்து இடுப்பு. என் கல்யாணத்துக்கு முந்தின நாள் சம்பந்தி வீட்டாரிடம் அவர் சொன்னபோது கழுத்தைத் தொட்டிருந்தது. “கழுத்து வரைக்கும் தண்ணி, நல்ல அலை, இவ அம்மா சிரிச்சிக்கிட்டு நிக்கிறா” என்றார்.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, முழுதாகக் கேட்டாள். நன்றியில்தான் அவள் பேசாமல் இருக்கிறாள் என்று அப்போதும் நினைத்துக்கொண்டேன். அப்பா சொன்னதை அவள் ஒருமுறைகூடத் திருத்தவில்லை.